பெயர் எழுதாமல் விட்டவர்கள்



நம்மில் பலருடைய வீட்டு அலுமாரியில் உம்மம்மா காலத்துக் கணக்குக் கொப்பி ஒன்று கிடக்கும். ஓரம் கிழிந்து, மை மங்கிப் போயிருக்கும். எடுத்துப் புரட்டிப் பாருங்கள். "மாமிக்கு 2 கொத்து அரிசி", "கடைக்காரக் காக்காவுக்கு 5 ரூபா", "கறுத்தப் பிள்ளைக்குக் கூலி" என்று வரி வரியாக எழுதியிருக்கும். எழுதியவருக்கு அந்த மாமி யார், அந்தக் காக்கா யார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததை யாராவது விளக்கி எழுதுவார்களா? 60 வருடம் கழித்துப் பார்க்கும் நமக்கோ ஒன்றுமே விளங்காது.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. அதை வைத்துத் தொட்டிலிட்ட ஒரு தாயும் இருந்தாள். கொப்பியில் எஞ்சியிருப்பது நிறம் மட்டும்.

பழைய நாட்குறிப்புகளில் பெயரில்லாமலும் அரைப் பெயரோடும் வந்து போகும் மனிதர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. நமது திருகோணமலை மாவட்டத்திலேயே இருக்கிறது.

கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பல்

சம்பூர்க் கரையில் நின்றால் எதிரே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. சம்பூர் தமிழ் மக்களின் ஊர். அதே குடாவின் கரையில் பக்கத்திலேயே நம்மவர்கள் வாழும் மூதூர். 1659 நவம்பரில் இந்தியாவின் மசூலிப்பட்டினத் துறையில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கம்பனிக் கப்பலின் பாய்மரம் போய்விட்டது. புதிய மரம் வெட்டிக்கொள்வதற்காக அது இந்தக் குடாவுக்குள் வந்து நங்கூரமிட்டது. கப்பலின் கப்டன் பெயர் ரொபர்ட் நொக்ஸ். கூடவே அவருடைய மகனும் வந்திருந்தான். வயது 19. அவன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான்.

அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். 1660 ஏப்ரலில் அவனுடைய திசாவை தந்திரமாகக் கப்டனைக் கரைக்கு அழைத்தார். புளியமரம் ஒன்றின் கீழ் காத்திருந்த கப்டனை அரசனின் ஆட்கள் பிடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். மகனைக் கப்பலுக்குத் தூது அனுப்பினார்கள். அவன் அப்படியே கப்பலோடு போயிருக்கலாம். போகவில்லை. தந்தையைத் தனியே விட மனமில்லாமல் கரைக்குத் திரும்பினான். எல்லாமாக 16 ஆங்கிலேயர்கள் சிறைப்பட்டார்கள்.

மறு வருடம், 1661 பெப்ரவரியில், தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருடங்கள் மலைநாட்டில் கிடந்து, 1679 ஒக்டோபரில் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழனோடு காட்டு வழியாக ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பினான். 1681இல் இலங்கையைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அந்தக் காலத்து இலங்கையை அறிய விரும்பும் எவரும் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொல்லப்பட்ட அந்தப் புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக் கல்லும் நாட்டினார்கள்.

நாட்குறிப்பில் வந்த கப்டன்

நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் ரொபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். உடலின் மிகச் சிறிய அறைக்கு 'செல்' என்ற பெயரை 1665இல் முதன்முதலில் வழங்கியவர் அவர்தான். இந்த ஹூக்கிடம் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. அச்சிட வேண்டும் என்று எழுதியதல்ல, தன் ஞாபகத்துக்காகக் கிறுக்கி வைத்தது. எந்தக் கோப்பிக் கடையில் யாரோடு இருந்தார், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் துண்டு துண்டாக இருக்கும். (யெமன் நாட்டு முஸ்லிம்கள் உலகுக்குக் கொடுத்த பானம் அல்லவா கோப்பி? அப்போது லண்டன் முழுக்க அதற்குக் கடைகள் முளைத்திருந்தன.)

ஹூக் 1703இல் இறந்தார். நாட்குறிப்புகள் அச்சில் வந்ததோ 1935இல். படித்தவர்களுக்குத் தலைவலி தொடங்கியது. நெல் என்கிறார், டொம் என்கிறார், ஹெரி என்கிறார். யார் இவர்கள்? அறிஞர்கள் பொறுமையாகத் தேடினார்கள். ஒருவர் பெயர் வரும் எல்லா இடங்களையும் ஒன்று சேர்த்தார்கள். கோயில் பதிவேடு, மரண சாசனம், சங்கத்தின் கணக்கு, பிறருடைய கடிதங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டார்கள். நெல் என்பவள் அவர் வீட்டில் வேலை செய்து, பிறகு தையல் வேலையால் பிழைத்த பெண். டொம் அவருடைய உறவுக்காரப் பையன், 1677இல் அம்மை கண்டு இறந்து போனான். ஹெரி அவருடைய உதவியாளன். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இடம் கிடைக்காத சாதாரண மனிதர்கள், இப்படித்தான் மீண்டும் முகம் பெற்றார்கள்.

இதில் நம் கொட்டியாரக் குடாவோடு தொடர்புள்ள ஒரு முடிச்சும் உண்டு.

1689 டிசம்பர் 18ஆம் திகதி ஹூக் லண்டன் விஞ்ஞானச் சபையில் கஞ்சாச் செடியைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். போதை தரும் எதுவும் நமது மார்க்கத்தில் ஹராம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே விஷயம் வேறு. இதைத் தனக்குச் சொன்னவர் யார் என்பதை ஹூக் விரிவுரையில் கூறவில்லை. அதைப் பலமுறை உட்கொண்டு பார்த்த ஒருவர் என்று மட்டும் குறிப்பிட்டார். அந்த விரிவுரை 1726இல் அச்சாயிற்று. படித்தவர்களுக்கு அந்த ஆள் ஒரு புதிராகவே இருந்தான்.

1935இல் நாட்குறிப்பு வெளிவந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. விரிவுரைக்கு முந்திய வாரங்களில், கப்டன் நொக்ஸ் அந்தச் செடியைப் பற்றித் தன்னிடம் சொன்னதாக ஹூக் எழுதி வைத்திருந்தார். நொக்ஸின் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது சாட்சியும் அங்கே காத்திருந்தது. காட்டில் கெட்ட நீரைக் குடித்துக் காய்ச்சல் கண்டபோது, ஊரார் வழக்கப்படி அந்த இலையை மருந்தாகத் தின்றதை அவரே எழுதியிருக்கிறார். விரிவுரை மறைத்ததை நாட்குறிப்பு காட்டியது, நாட்குறிப்பு சொன்னதைப் புத்தகம் உறுதி செய்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கப்டன் ரொபர்ட் நொக்ஸ் என்றால் எந்த நொக்ஸ்? தந்தையும் கப்டன். ஊர் திரும்பிய பிறகு மகனும் ஒரு கப்பலுக்குக் கப்டனானார். ஒரே பெயர், ஒரே தொழில், சிறைப்பட்டதும் ஒரே கரையில். இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் உண்டு. வருடத்தைப் பார்த்தால்தான் குழப்பம் தீரும். தந்தை 1661இலேயே இறந்துவிட்டார். ஆகவே 1689இல் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர் மகன்தான்.

நம் முன்னோர்கள் செய்த வேலை

சகோதரிகளே, ஐரோப்பியர்கள் கண்டுபிடித்த கலை இது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமது ஹதீஸ் கலை இமாம்கள் இதை ஓர் இல்மாகவே வளர்த்திருந்தார்கள்.

ஹதீஸ்களில் 'ஒரு மனிதர் வந்தார்', 'ஒரு பெண் கேட்டாள்' என்று பெயரில்லாமல் வருவதுண்டு. இப்படிப்பட்டவரை 'முப்ஹம்' என்பார்கள். ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) வபாத்தான பக்தாதின் இமாம் கதீப் அல்-பக்தாதீ, இந்தப் பெயரில்லாதவர்கள் யார் யார் என்று காட்டுவதற்கென்றே தனி நூல் எழுதினார். ஒரே பெயருடைய பலரைப் பிரித்துக் காட்டவும் அவரிடம் தனி நூல் உண்டு. தந்தை நொக்ஸ், மகன் நொக்ஸ் குழப்பம் போன்றவற்றைத் தீர்க்கும் நூல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) வபாத்தான இமாம் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ, ஸஹாபாக்களைப் பற்றிய தமது பெருநூலில் 12,000க்கும் மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டினார். பெண்களுக்கென்றே அதில் ஒரு பெரும் பகுதி இருக்கிறது.

வழிமுறை என்ன? ஒரே சம்பவம் வேறு அறிவிப்பாளர் தொடர் வழியாகவும் வந்திருக்கிறதா என்று தேடுவது. ஒரு தொடரில் விடுபட்ட பெயர் இன்னொரு தொடரில் கிடைத்துவிடும். கஞ்சா விரிவுரையின் முடிச்சு அவிழ்ந்ததும் இதே வழியில்தான்.

இதற்கு நம் உள்ளத்தைத் தொடும் உதாரணம் ஒன்று. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுத்த நிறமுடைய ஒருவர் இருந்தார். சில நாட்களாக அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். அவருடைய விஷயத்தை மற்றவர்கள் அத்தனை பெரிதாக நினைத்திருக்கவில்லை. நபியவர்கள் கப்று எங்கே என்று கேட்டு, அங்கே போய்த் தொழுகை நடத்தினார்கள்.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் இந்த ஹதீஸில் அந்த மனிதருக்குப் பெயரில்லை. ஆணா பெண்ணா என்பதிலேயே அறிவிப்பாளருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தையும் மறைக்காமல் அப்படியே பதிவு செய்தார்கள். இமாம் பைஹகீ பதிவு செய்த இன்னொரு அறிவிப்பில் உம்மு மிஹ்ஜன் என்ற பெயர் வருகிறது. பள்ளிவாசலின் தூசியைத் தட்டிய ஒரு பெண்மணியின் பெயர் 1400 வருடங்களைக் கடந்து இன்று உங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. ரலியல்லாஹு அன்ஹா.

கணவரைப் பற்றி முறையிட்டு, அதனால் ஒரு ஸூராவே இறங்கக் காரணமான பெண்மணியின் பெயர் குர்ஆனில் இல்லை. அவர் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்று அறிவிப்புகள் வழியாகவே அறிகிறோம். 'அபஸ' ஸூராவில் வரும் பார்வையற்றவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்பதும் அப்படியே. தாயின் பெயராலேயே அழைக்கப்பட்டவர் அவர்!

பரங்கிப்பேட்டைப் பையன்

இந்தக் கண்ணோடு மீண்டும் நொக்ஸின் புத்தகத்துக்கு வாருங்கள்.

சிறைப்பட்ட 16 ஆங்கிலேயர்களின் பெயர்களையும் நொக்ஸ் வரிசையாக எழுதி வைத்தார். ஆனால் அவர்களோடு இன்னொருவனும் இருந்தான். தந்தைக்குப் பணிவிடை செய்வதற்காகப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டி வந்த பையன். தென்னிந்தியக் கரையில் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும், மஹ்மூது பந்தர் என்றும் பெயர் பெற்ற அதே பரங்கிப்பேட்டைதான். அவனை நொக்ஸ் 'கறுப்புப் பையன்' என்றே எழுதுகிறார்.

அவன் என்னென்ன செய்தான் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தன்னைப் போன்ற நிறமுடைய மக்களிடையே எசமானர் கைதியாகிவிட்டதைக் கண்டபின், இனித் தன் இஷ்டம் போலத்தான் கீழ்ப்படிவேன் என்று நின்றான். ஆனாலும் கப்டன் இறந்த நாளில், அடக்கம் செய்ய உதவி கேட்டு ஊராரிடம் தூது போனவன் அவன்தான். பிறகு ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக் கொண்டிருந்தபோது, வழியே வந்த கிழவர் ஒருவர் தன்னிடம் ஒரு புத்தகம் இருப்பதாகச் சொன்னார். அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இது பைபிள் என்று கூவிக்கொண்டு ஓடி வந்தவனும் அவனே. நொக்ஸ் தன்னிடமிருந்த ஒரே பொற்காசையும் கொடுக்கத் துணிந்தார். பையன் தடுத்தான். ஆசையை வெளியே காட்டாதீர்கள், நான் மலிவாக முடித்துத் தருகிறேன் என்றான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரம் முடிந்தது.

எத்தனை சூட்டிகையான பிள்ளை! சந்தை பேரத்தில் கைதேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளை அப்படியே பார்ப்பது போலில்லையா? புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. அவன் பெயர் மட்டும் இல்லை.

அதே புத்தகத்தில் கண்டியிலிருந்த முஸ்லிம்களின் பள்ளியைப் பற்றியும் வருகிறது. நிலம் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பள்ளிக்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்பது அரசர் காலத்து ஏற்பாடு. முஸ்லிம்கள் வீடு வீடாகச் சென்று உரிமையோடு அதை வசூலித்தார்கள். நம் சமூகத்தின் பெருமையான செய்திதான். அங்கும் 'சோனகர்' என்ற ஒரே சொல்லில் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்ததால் அந்தப் பையன் முஸ்லிம் என்று சொல்லிவிட ஆசை வரும். சொல்லக் கூடாது. பல சமயத்தாரும் வந்து போகும் துறைமுகம் அது. ஆதாரம் இல்லாமல் ஒருவருக்குப் பெயரோ குலமோ சூட்டுவதை நம் இமாம்கள் ஒருபோதும் ஏற்கவில்லை. தெரிந்த இடத்தில் சொன்னார்கள், தெரியாத இடத்தில் நின்றார்கள். அறிவிப்பாளர் தன் சந்தேகத்தை அப்படியே சொன்ன அந்த நேர்மைதான் உம்மு மிஹ்ஜன் (ரலி) பெயரை நாம் நம்பி ஏற்பதற்கும் காரணம்.

உங்கள் கொப்பி

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் உடுத்த உடையோடு ஊரைவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போனார்கள். சம்பூர்க் காணிகளில் பல 2015இலும் அதற்குப் பிறகும்தான் உரியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. இப்படி ஓடுகிற வேளையில் அலுமாரிக் கொப்பியை யார் எடுப்பார்? காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் போனால் கச்சேரியில் கேட்டுப் பிரதி எடுக்க வழி உண்டு. உம்மம்மாவின் கொப்பிக்கும் பின்பக்கம் எழுதாத படத்துக்கும் எந்தக் கந்தோரில் பிரதி கிடைக்கும்?

ஆகவே வீட்டில் உள்ள சகோதரிகள்தான் இந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும். பெரிய படிப்பு தேவையில்லை. 80 பக்கக் கொப்பி ஒன்றும் பேனாவும் போதும்.

முதலாவது, முறைப்பெயரை மட்டும் எழுதாதீர்கள். 'சாச்சி' என்று எழுதினால் உங்கள் பிள்ளைக்கே விளங்காது. முழுப் பெயர், வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், ஊர் நான்கையும் எழுதுங்கள். உம்மாவின் பெயரை விட்டுவிடாதீர்கள். நம் குடும்பங்களில் மூன்று தலைமுறைக்கு மேல் பெண்களின் பெயரைச் சொல்ல ஆளில்லை. 'இன்னாரின் பெண்சாதி', 'இன்னாரின் உம்மா' என்பதோடு நின்றுவிடுகிறது. நம் இமாம்களோ பெண்களுக்கென்று தனிப் பகுதியே எழுதினார்கள்.

இரண்டாவது, ஒரே பெயரில் குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மூத்தவாப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்தானே? பக்கத்தில் பிறந்த வருடத்தைப் போடுங்கள்.

மூன்றாவது, சொன்னவர் யார் என்பதையும் குறியுங்கள். 'இது பெரியம்மா சொன்னது' என்று ஒரு வரி போதும். அதுதான் உங்கள் கொப்பியின் ஸனது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு இடம் விடுங்கள். ஊகித்து நிரப்பிவிட்டால், பின்னால் வருபவர் அதை உண்மை என்று நம்பி ஏமாந்து போவார்.

நான்காவது, வீட்டில் வேலை செய்தவர்கள், மருத்துவிச்சி, ஓதிக்கொடுத்த லெப்பை, மாவிடித்த அக்கா, மீன் கொண்டு வந்த சம்பூர் ஐயா இவர்களையும் பெயர் கேட்டு எழுதுங்கள். அவர்கள் நம் சமயத்தவராயினும் சரி, வேறு சமயத்தவராயினும் சரி. அவர்கள் இல்லாமல் உங்கள் வீட்டின் சரித்திரம் முழுமையாகாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆளை அறிவது வேறு, குறையைத் துருவுவது வேறு. ஹூக்கின் நாட்குறிப்பில் மறைத்திருக்க வேண்டிய சங்கதிகளும் உண்டு. அவையும் இன்று ஊரறிய அச்சில் கிடக்கின்றன. இறந்தவர்களின் ஐபுகளை எழுதி வைப்பது நமக்கு ஆகாது. ஒருவரின் பெயரையும் அவர் செய்த நன்மையையும் எழுதுங்கள். மற்றதை அல்லாஹ் மறைத்தது போல நீங்களும் மறைத்துவிடுங்கள்.

வயதான உம்மம்மா வீட்டில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். இன்று அஸர் தொழுத பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் உம்மாவின் உம்மா பெயர் என்ன என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் அந்தப் பெயரை உடனே எழுதுங்கள். உங்களுடைய ஐவேளைத் துஆவிலும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதாமல் விடப்பட்ட எல்லோருடைய பெயர்களையும் அறிந்தவன் வல்ல அல்லாஹ் ஒருவனே. நம்மை மறந்துவிடாத பிள்ளைகளையும், நாம் மறந்துவிடாத முன்னோர்களையும் அவன் நமக்கு ஆக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.